காலியாக வைத்திருந்த கரை

மானியப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. "உங்க சாதனைகளை எழுதுங்க மேடம்" என்றார் பேசியவர். சாதனைகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே சிலருக்குச் சாதனை முளைத்துவிடும். நான் எழுதப்போவது, கள ஆய்வு அறிக்கையில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு வரியைப் பற்றி. அந்த வரி தவறு. அதனால் ஒரு மனிதரின் மணிக்கட்டு உடைந்தது. அது தவறு என்று நானே சொன்னபோது எனக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ, வந்தது. எழுதியபோது பாராட்டுத்தான் வந்தது, அதையும் கவனியுங்கள்.

படிவம் நிரப்புவது, மதிப்பீடு சரிபார்ப்பது எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது ஒரு புதிய திட்டம் வந்திருந்தது. பாய்மரப் படகிலும் சின்ன இயந்திரப் படகிலும் பொழுதுபோக்காகக் கடலோரமாகப் பயணம் போகிறவர்கள், வழியில் படகைக் கட்டி நிறுத்த ஒரு துறை. மிதக்கும் மேடை, குடிநீர்க் குழாய், விளக்கு, குளியலறை. அதிகபட்சம் மூன்று இரவு தங்கலாம். கட்டும் செலவு முழுக்க அரசு மானியம். எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்க்க எந்த மகராசன் படகோட்டி வருவான் என்று அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கோப்பையும் நகர்த்தினோம்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இடம் எவருடைய பயன்பாட்டிலும் இருக்கக் கூடாது. அதை நேரில் பார்த்து எழுதித் தர வேண்டியவள் நான்.

மூன்று முறை போனேன். மூன்று வெவ்வேறு மாதம், ஒவ்வொரு முறையும் காலை பதினொரு மணி வாக்கில். முகத்துவாரக்குப்பத்து வீடுகளைத் தாண்டி, ஆறு கடலில் சேருவதற்குச் சற்று உள்ளே, வளைவாக ஒரு கரை. அதன் இந்தப் பக்கம் படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. வளைவில் மட்டும் ஒன்றுமில்லை. படகில்லை, வலையில்லை, காயப்போட்ட கருவாடில்லை. இடமும் நேரமும் பதியும் செயலியில் மூன்று முறையும் படம் எடுத்தேன். 'இவ்விடம் எவர் பயன்பாட்டிலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாதா கோயில் மணியும் மீன் ஏலச் சத்தமும் கேட்டு வளர்ந்தவள். கடல்காரர்களைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர்.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்துக்குச் சுற்றிலும் கல் சுவர் உண்டு. வெளியே அலை எப்படி அடித்தாலும் உள்ளே படகு பத்திரம். அங்கே பஞ்சமெல்லாம் இடத்துக்குத்தான். ஒரு முழம் காலி இருந்தால் இன்னொரு படகைச் சொருகிவிடுவார்கள். அதற்கு ஒரு சண்டை, சண்டைக்கு ஒரு பஞ்சாயத்து. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள் கண்ணுக்கு, காலியாகக் கிடக்கும் கரை என்றால் யாருக்கும் வேண்டாத கரை. மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த அதிகாரியாக இருந்தால், நமக்கு என்ன தெரியும் என்று நாலு பேரை விசாரித்திருப்பார்.

மானியம் ஒப்புதலானது. மாதக் கடைசிக்குள் எல்லைக் கம்பம் நட்டுப் படம் அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. வாடைக்காற்று பிடிக்கும் பருவம். ஒப்பந்ததாரரின் ஆட்கள் முந்தின நாளே தண்ணீருக்குள் வரிசையாகச் சவுக்குக் கம்பங்களை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதைச் சரிபார்க்க மறுநாள் காலை நான் போனேன். வானம் கறுத்துக் கிடந்தது. நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் களத்துக்குப் போவதுதான் நம் இலாகா வழக்கம். மழையில் ஜீப்பை எடுக்க ஓட்டுநரும் ஒப்ப மாட்டார். அன்று மாதத்தின் கடைசி நாள், அதனால்தான் போனோம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது கடல் அறைந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்தின் வழியாகப் பைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களைப் படித்தேன். பாதிக்கு மேல் வெளியூர்ப் படகுகள். வடக்கேயும் தெற்கேயும் திறந்த கடற்கரையில் இருக்கும் குப்பங்கள். இப்படி அலை அடிக்கும்போது அவர்களால் சொந்தக் கரையில் படகை ஏற்ற முடியாது. எல்லாப் படகும் நேராக அந்த வளைவைப் பார்த்துத்தான் வந்தன. வளைவை மறித்துக்கொண்டு என் கம்பங்கள் நின்றன.

கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கம்பத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மீன் விற்கிறவர், பெயர் தேசம்மா என்று பிறகு தெரிந்தது.

"மேடம், அந்தம்மாவைத் தடுங்க" என்றார் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர். "பிடுங்கிட்டா மறுபடியும் அளக்கணும். இன்னிக்கே படம் அனுப்பணும்."

தேசம்மா என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், வேடிக்க பாத்துகினு கீற? யாரு நட்டது இத்த?"

"நான்தான் நடச் சொன்னேன்."

"அப்போ நீயே வந்து புடுங்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பேசியை எடுத்து மேலதிகாரிக்குப் போன் போட்டேன். கம்பத்தைப் பிடுங்க அனுமதி கேட்க. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அந்த இரண்டாவது மணி அடிக்கும்போது ஒரு படகு அலையில் பக்கவாட்டாகத் திரும்பிக் கம்பத்தில் மோதியது. முன்னால் நின்றவர் படகைத் தள்ளிவிடக் கையை நீட்டினார். படகுக்கும் கம்பத்துக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

போனைப் பைக்குள் போட்டேன். "எல்லாத்தையும் பிடுங்குங்க" என்றேன்.

"எழுத்துல கொடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும் மேடம்" என்றார் மேற்பார்வையாளர்.

"முதல்ல பிடுங்குங்க. எத்தனை பக்கம் வேணும்னாலும் அப்புறம் எழுதித் தரேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். நான் பிடுங்கியது மூன்றே கம்பம்தான், மீதியை அந்தப் பெண்களும் கூலியாட்களும் பிடுங்கினார்கள். ஆனால் அந்த மூன்றையும் பிடுங்கியபோது வந்த ஆத்திரம் முழுக்க என் மேலேயே இருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வளைவில் ஒதுங்கின.

அடிபட்டவர் தேசம்மாவின் கொழுந்தன் ஏழுமலை. ஜீப்பில் பின்னால் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் தேசம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். திருவொற்றியூர் வருவதற்குள் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டோம். ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஏழுமலை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் மூணு தடவை வந்து பார்த்தேன். அந்த எடத்துல ஒரு போட்கூட இல்லையே" என்றேன்.

"எப்டி இருக்கும்?" என்றார் தேசம்மா. "எங்க ஊரு போட்டு அந்த வளைவுல நிக்கக் கூடாது. வலை காய வெக்கக் கூடாது. இந்தாண்ட எவ்ளோ நெருக்கடின்னாலும் சரி, அந்தாண்ட போவக் கூடாது. அது ஊர்க்கட்டு. என் வூட்டுக்காரரே ஒரு தபா, கண்ணாலத்துக்குப் போற அவசரத்துல கட்டிட்டுப் பூட்டாரு. ஊரு கூடி தண்டம் போட்டுச்சி."

"எதுக்கு அப்படி?"

"எதுக்கா? கடலு அடிச்சிகினு வரும்போது வெளியூருகாரன் எங்க போவான்? உசுரக் கையில புடிச்சிகினு வந்து நிக்கிறவன் கிட்ட எடம் இல்ல நைனா, வேற பக்கம் போன்னு சொல்லவா? அதுக்கோசரம்தான் காலியா வெச்சிகினு கீறோம். நீ வந்து பாத்துட்டு யாரும் இல்லன்னு எயிதிட்ட. எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடு அண்ணி, அவங்களும் பேஜாராகி கீறாங்க" என்றார் ஏழுமலை, கை உடைந்த மனிதர். அதைக் கேட்டு இன்னும் அழுதேன்.

மறுநாள் மேலதிகாரி அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கோப்பில் குறிப்பு எழுத எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பிலோமினா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். "'அசாதாரண வானிலையில் அரிதாகப் படகுகள் ஒதுங்குவதுண்டு'ன்னு அறிக்கையில ஒரு வரி சேத்துடுங்க. அது பயன்பாட்டுல வராது. அந்த ஆளோட கைக்கு நிவாரணத்துக்கு நான் பொறுப்பு. இந்த மானியம் திரும்பிப் போச்சுன்னா அடுத்த தடவை நம்மளை யாரும் உள்ளேயே விட மாட்டாங்க."

இங்கேதான் நீங்கள் காதைக் கொடுக்க வேண்டும். அப்பட்டமான பொய்யை எழுதச் சொன்னால் மறுப்பது சுலபம். அந்த வரியில் பொய் எதுவுமில்லை. வானிலை அசாதாரணம்தான், படகுகள் அரிதாகத்தான் வருகின்றன. அதைச் சேர்த்துவிட்டால் என் முதல் அறிக்கையும் தப்பித்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. எனக்கு அப்போது பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை கோப்பைத் திறந்தேன். இப்போது எல்லாம் கணினியில். காகிதமாக இருந்தால் பழைய வரியை அடித்துவிடலாம். கணினிக் கோப்பில் எழுதியது எழுதியதுதான், அதன் கீழேதான் புதிதாக எழுத முடியும். எழுதினேன்: 'எனது முந்தைய அறிக்கை தவறானது. இவ்விடம் பயன்பாட்டில் உள்ளது. காலியாக வைத்திருப்பதே அதன் பயன்பாடு. நான் சென்ற மூன்று நாட்களும் வானம் தெளிவாக இருந்த நாட்கள். ஊராரை விசாரிக்கவும் தவறிவிட்டேன். தவறு என்னுடையது.' கையெழுத்திட்டு அனுப்பினேன். அதை எழுதி முடித்ததும் மனசு லேசானது என்று சொல்ல மாட்டேன்.

மானியக் குழு என்னை அழைத்தது. நீளமான மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். என் மேலதிகாரி சுவரோரமாக உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் உறுப்பினர் என் சுயவிவரத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"நீங்க வட சென்னைதானே? அந்த ஏரியா ஆளுங்க. ஊர்க்காரங்க உங்களை மிரட்டினாங்களா, இல்ல நீங்களே அவங்களுக்காகப் பேசறீங்களா?"

எனக்கு அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து, வீட்டில் பேசும் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வருவேன். நாங்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்க ஆள் காத்திருக்கும், அதனால். அன்றைக்கு அது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"ஆமா சார், அந்த ஏரியாதான். அதனாலதான் தப்பு பண்ணேன். எல்லாம் எனக்குத் தெரியும்னு நெனச்சிகினு யாரையும் கேக்காம எயிதிட்டேன். அவங்க என்னை மெரட்டல சார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எனக்குத் தண்ணி குடுத்தாங்க."

தொடர்ந்தேன், இப்போது அலுவலகத் தமிழில். "இந்தத் திட்டத்தின் நோக்கம் என்ன? எங்கிருந்தோ வரும் படகு, பாகுபாடில்லாமல், கொஞ்ச நேரம் பத்திரமாக ஒதுங்கி நிற்க ஓர் இடம். அந்த ஊர் அதை ஒரு பைசா மானியம் இல்லாமல் பலகாலமாக நடத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகத் தங்கள் படகுகளை நெருக்கிக்கொள்கிறார்கள், தங்கள் ஆளுக்கே தண்டம் போடுகிறார்கள். நாம் அதைக் கலைத்துவிட்டு அதே வேலையைச் செய்ய மானியம் தருகிறோம்."

"ஒதுங்கிய படகுகளுக்குப் பதிவேடு ஏதாவது உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை சார். அடுத்த முறை கடல் கொந்தளிக்கும்போது நீங்களே வந்து எண்ணிப் பார்க்கலாம். நான் கூட வருகிறேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்தது என்றார்.

அந்த இடத்தில் துறை கட்டும் யோசனை கைவிடப்பட்டது. மானியம் வேறு மாவட்டத்துக்குப் போனது. எனக்குக் கவனக்குறைவு என்று குறிப்பாணை வந்தது. கவனக்குறைவு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோப்பில் நானே எழுதியிருக்காவிட்டால் அது யாருக்கும் கவனக்குறைவாகவே பட்டிருக்காது என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலுக்காகப் பதவி உயர்வு தள்ளிப்போனது. எனக்குப் பின்னால் சேர்ந்தவரை 'மேடம்' என்று கூப்பிட வேண்டியதாயிற்று. கசந்தது. கசக்கவில்லை என்று சொல்லும் பெரிய மனசு எனக்கில்லை. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

போன ஆண்டு ஓய்வு பெறும்போது, பணிப்பதிவேட்டைப் பார்த்த பெண், "மேடம், இந்தக் குறிப்பாணையை நீக்கச் சொல்லி மனு கொடுக்கலாமே, பார்க்க நல்லா இல்லை" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். உருப்படியாக நான் எழுதிய ஒரே குறிப்புக்கு அதுதானே சாட்சி.

போன வாடையில் ஒரு நாள் காலை தேசம்மா போன் செய்தார். கை உடைந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு உண்டு. "எக்கா, உன் ஆளு ஒருத்தன் வந்து கீறான். வந்து பேசு, எங்களுக்கு அவன் பாஷ புரியல" என்றார்.

மழையில் பேருந்து பிடித்துப் போனேன். வளைவில் பைபர் படகுகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு சின்னப் பாய்மரப் படகு நின்றது. உல்லாசப் படகு. எந்தப் படகுக்காக நாங்கள் கம்பம் நட்டோமோ அந்தப் படகு. கடல்பயணம் போன கணவன் மனைவி இருவரும் வாந்தியெடுத்துக் களைத்து, யாரோ கொடுத்த போர்வைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை அவர்களுடைய கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டு இன்றும் முழுக்க மடங்குவதில்லை. முடிச்சை ஒரு கையால் இழுத்து, மறு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்தார்.

படகில் வந்த கணவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இங்கே எத்தனை இரவு தங்கலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நான் தேசம்மாவிடம் கேட்டேன்.

"கடலு அடங்குற வரிக்கும் நிக்கட்டும். யாருகிட்டயும் கேக்கத் தேவயில்ல" என்றார். "அடங்கிச்சின்னா கெளம்பிடணும். அதுக்கப்புறம் ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. அடுத்தவனுக்கு எடம் வோணும். ஒயுங்கா சொல்லிடு."

ஒழுங்காகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எங்கள் திட்ட விதிமுறை பல பக்கம். அதில் இருந்த எந்த வரியும் இவ்வளவு தெளிவாக இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கடல் அடங்கியதும் மறுபடியும் போனேன். வளைவு காலி. படகில்லை, வலையில்லை, ஒன்றுமில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். என் பழைய அறிக்கையில் இருக்கும் மூன்று படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

நாளைக்கு உங்களில் ஒருவர் இப்படி ஓர் இடத்தின் முன்னால், கையில் படிவத்தோடு நிற்பார். அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். வெயில் நாளில் ஒரு முறை போனால் மழை நாளில் ஒரு முறை போங்கள். ஜீப் கிடையாது என்பார்கள், பேருந்து இருக்கிறது. எழுதியது தவறு என்று தெரிந்தால், உங்கள் கையாலேயே கீழே எழுதுங்கள். யார் சொல்லி இதெல்லாம் செய்கிறாய் என்று கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல்லுங்கள். என் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பாணைதான் இருக்கிறது. இன்னொன்றுக்கு இடம் காலியாக வைத்திருக்கிறேன்.